பிழை நாணயமா, பட்டறை வேலையா? ஒரு வாளிச் சில்லறையைச் சோதித்த பதிவு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாமாக் கடை வைத்திருந்த அண்ணன், கடையைக் கைமாற்றிவிட்டபோது கல்லாவுக்கு அடியில் வருடக்கணக்காகச் சேர்ந்துகிடந்த சில்லறையைப் பெயிண்ட் வாளியோடு என்னிடம் தந்தார். "நீதான் காசைக் குடைஞ்சுக்கிட்டே இருப்பியே, எடுத்துக்க தம்பி" என்றார். முகமதிப்பை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பெரும்பகுதி 1985இல் வெளிவந்த பூ வரிசைக் காசுகள். அடியில் கொஞ்சம் 1967இன் கடல்வாழ் உயிரின வரிசை, மேலாக 2013க்குப் பிந்திய புதுக் காசுகள். பிழை நாணயம் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சரக்கு அமையாது. வேறு எந்தச் சேகரிப்பாளரும் கைவைக்காத சில்லறை இது.

பிழை நாணயம் என்றால் நாணயச்சாலைக்குள் நடந்த கோளாறோடு வெளியே வந்த காசு. வாசலைத் தாண்டிய பிறகு கத்தி, சுத்தியல், அமிலம், சலவை எந்திரம் எது பட்டாலும் அது வெறும் சேதம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதனால் லூப் என்ற உருப்பெருக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில், எந்த எந்திரம் இதைச் செய்திருக்க முடியும்? அந்தக் கதையை முதலிலிருந்து முடிவுவரை இடறாமல் சொல்ல முடிந்தால்தான் காசு அடுத்த பெட்டிக்குப் போகும்.

கதை சொல்லக் காசு பிறக்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். உலோகப் பட்டையிலிருந்து வட்டத் தகடுகளை வெட்டுவார்கள். அவற்றைச் சூடாக்கி இளக்கி, ஓரத்தை உருட்டி விளிம்பை எழுப்புவார்கள். அப்புறம் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே காலர் என்ற வளையத்துக்குள் வைத்து ஒரே அடி. பக்கவாட்டு வரிகள் காலரிலிருந்து வருபவை. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் எந்திரத்தில் தகடு தவறலாம், அச்சு தவறலாம், அடி தவறலாம். எல்லாப் பிழையும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, டிஜிட்டல் வெர்னியர், ஒரு வலுவான காந்தம், சாய்த்து அடிக்க ஒரு எல்இடி விளக்கு. யுஎஸ்பி நுண்ணோக்கி ஒன்று சிம் லிம் டவரில் வாங்கினேன். படம் எடுக்க உதவுகிறது, தீர்ப்புச் சொல்ல லூப்பையே நம்புகிறேன். நுண்ணோக்கியின் வெளிச்சம் நேராக விழுவதால் மேடு எது, பள்ளம் எது என்று பல நேரம் பிடிபடாது. விளக்கை மேசையோடு மேசையாகத் தாழ்த்திவைத்து, காசை மெல்லச் சுழற்றிப் பார்த்தால் நிழல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வேலை காந்தம். 2013 ஜூன் 25 முதல் புழக்கத்துக்கு வந்த மூன்றாம் வரிசை முழுவதும் பூச்சு ஏற்றிய எஃகு, கனடாவின் அரச நாணயச்சாலையில் அடித்தவை, எல்லாம் ஒட்டும். பூ வரிசையின் 10, 20, 50 காசுகள் செம்பு-நிக்கல் கலவை, 5 காசும் ஒரு வெள்ளி (டாலர்) காசும் அலுமினிய வெண்கலம், எதுவும் ஒட்டாது. ஒட்ட வேண்டியது ஒட்டாமலோ ஒட்டக்கூடாதது ஒட்டியோ நின்றால் தகட்டுப் பிழையாக இருக்கலாம் என்று தனியே வைக்கலாம். ஆனால் பழைய ஒரு காசு நாணயத்தில் அவசரப்படக்கூடாது. 1967 முதல் வந்தவை வெண்கலம், 1976 முதல் செம்பு போர்த்திய எஃகு. அதே வரிசையின் 5 காசும் 1980 வாக்கில் எஃகுக்கு மாறியது. காந்தத்தில் ஒட்டும் ஒரு காசைப் பார்த்துத் தவறான உலோகத்தில் அடித்துவிட்டார்கள் என்று கொண்டாடுகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அது நாணய வாரியம் தெரிந்தே செய்த மாற்றம். பூ வரிசையில் நாட்டுச் சின்னத்தின் அடியிலுள்ள பட்டை 1991 வரை மேல்நோக்கியும் 1992 முதல் கீழ்நோக்கியும் வளைவதும் அப்படித்தான். வடிவ மாற்றம் வேறு, பிழை வேறு.

மஞ்சளாக மின்னிய ஒரு 10 காசு கையில் சிக்கியது. 5 காசுக்கான அலுமினிய வெண்கலத் தகட்டில் 10 காசு அச்சு விழுந்திருந்தால் அது பெரிய கண்டுபிடிப்பு. தராசில் 2.6 கிராம், வெர்னியரில் 18.5 மி.மீ. 5 காசுத் தகட்டின் எடையே 1.56 கிராம்தான். அச்சில் அடிபட்டுத் தகடு எடை கூடாது. ஆக, யாரோ ஏற்றிய பூச்சு. இதற்கு லூப்பே தேவைப்படவில்லை. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், எடையிலிருந்து தொடங்குங்கள்.

இனி இந்த வாளியின் மாணிக்கம். 1987ஆம் ஆண்டின் 20 காசு, ஓரத்தில் பிறை வடிவில் ஒரு கடி. இதைக் கிளிப் என்பார்கள். எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜூரோங்கில் உலோகத் தகடு வெட்டும் பிரஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நாணயம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தகட்டை வெட்டும் பஞ்ச், டை அச்சுகள் அத்துப்படி. பார்த்ததும் சொன்னார்: "ஸ்ட்ரிப் முழுசா முன்னாடி நகரலை தம்பி. பஞ்ச் பழைய ஓட்டை மேலயே கொஞ்சம் விழுந்திருக்கு." அவ்வளவுதான் விஷயம். பட்டை சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே வெட்டிய வட்டத்தின் ஓரத்தை அடுத்த வெட்டு கவ்வும். அப்படிப் பிறந்த கடியின் வளைவு, அதே காசின் தகட்டு வட்டத்தோடு பொருந்த வேண்டும். இன்னொரு 20 காசை அந்தப் பிறையில் வைத்துப் பார்த்தேன், இடைவெளியே இல்லாமல் உட்கார்ந்தது. அரத்தால் அராவினால் இந்த வளைவு அமைவது அரிது. பட்டையின் முனையில் வெட்டுப்பட்டால் கடி நேர்கோடாக வரும், அதுவும் உண்மையான பிழையே.

அடுத்து எடை. பூ வரிசை 20 காசுக்கு விட்டம் 21.36 மி.மீ., எடை 4.5 கிராம். கடியின் ஆழம் ஏறத்தாழ 2 மி.மீ. ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்கள் 2 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் பொதுவாகும் பரப்பு, முழு வட்டத்தில் 3.4 விழுக்காடு. எடையில் 0.15 கிராம் குறைய வேண்டும். தராசு காட்டியது 4.36. புழக்கத்தில் தேய்ந்த 20 காசுகள் சிலவற்றையும் நிறுத்துப் பார்த்தேன், ஒன்றுக்கொன்று ஓரிரு நூற்றில் பங்கு கிராம் வித்தியாசம் இருந்தது. அந்த எல்லைக்குள் கணக்கு கச்சிதமாக நிற்கிறது.

எடை ஒத்துப்போவது மட்டும் போதாது. வெட்டி எறிந்தாலும் எடை குறையும். முக்கியமான சாட்சி கடிக்கு நேர் எதிரே இருக்கிறது. விளிம்பை எழுப்பும் எந்திரத்தில் தகடு இருபுறமும் அழுத்தப்பட்டு உருளும். கடிபட்ட இடம் ஒரு பக்கம் வரும்போது அங்கே அழுத்தம் இல்லை, அதனால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு சரியாக எழாமல் மங்கிப்போகும். இதைப் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். விளக்கைத் தாழ்த்திவைத்துப் பார்த்தபோது, கடிக்கு நேர் எதிரில் விளிம்பு மெல்ல மெலிந்து, கொஞ்ச தூரம் தரையோடு தரையாகி, மறுபடியும் எழும்பியது. காசு வெளியே வந்த பிறகு அரம் வைத்தவனால் எதிர்ப்பக்கத்து விளிம்பைக் கரைக்க முடியாது. எல்லாக் கிளிப்பிலும் இந்த அடையாளம் இருந்தே தீரும் என்றில்லை. இருந்தால் நம்பிக்கை பல மடங்கு கூடும்.

கடிக்கு அருகே உலோகம் ஓடிய விதமும் பேசுகிறது. அடி விழும்போது உலோகம் வெற்றிடம் உள்ள பக்கம் ஓடும். சின்னம் உள்ள பக்கத்தில் கடிக்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்தின் கால், கடியை நோக்கி லேசாக இழுபட்டு மெலிந்திருந்தது. பிறகு வெட்டியிருந்தால் எழுத்து கத்தி வெட்டுப்போல் சட்டென்று நின்றிருக்கும். கடியின் உட்சுவரில் பக்கவாட்டு வரி கிடையாது, இணைகோடாக ஓடும் அரத்தின் கீறலும் கிடையாது. ஓரம் சற்று மழுங்கி, உள்ளே கொஞ்சம் கிழிந்தாற்போல் சொரசொரப்பு. பிரஸ்ஸில் வெட்டிய தகட்டில் பாதி அறுபட்டு பாதி கிழியும், அதே தடம்தான் இது என்றார் பட்டறை அண்ணன். வெட்டு, உருட்டல், அடி மூன்றுமே ஒரே கதையைச் சொன்ன பிறகுதான் இதை உண்மையான கிளிப் என்று எழுதிவைத்தேன்.

விலையில் கிளிப்புக்குப் பக்கத்தில் நிற்காவிட்டாலும் எனக்கு மிகப் பிடித்துப்போனது வேறொன்று. 1989இன் 10 காசு. நம் காசுகளில் பூ வரிசை தொடங்கி நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் இருக்கிறது. 'சிங்கப்பூர்' என்பதில் மூன்று புள்ளிகள். ங் மேல் ஒன்று, ப் மேல் ஒன்று, ர் மேல் ஒன்று. இந்தக் காசில் நடுப்புள்ளியைக் காணோம், 'சிங்கபபூர்' என்று நிற்கிறது. காசில் மேடாகத் தெரிவது அச்சில் பள்ளம். எந்திர மசகும் உலோகத் தூளும் சேர்ந்து கெட்டியாகி அந்தப் பள்ளத்தை அடைத்துவிட்டால், அங்கே உலோகம் புக வழியில்லை. அடைபடுவதில் முந்துவது மிகச் சின்னப் பள்ளங்கள்தான். தமிழ்ப் புள்ளியும் சின்னத்தில் உள்ள நட்சத்திரங்களும் அந்த வகை. ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய சேகரிப்பாளர் கண்ணுக்கு இது அகப்படாது. தமிழ் படிக்கத் தெரிந்த நமக்கு ஒரே பார்வையில் தட்டுப்படும். இதை ஒரு வரம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் புள்ளி இல்லாததாலேயே அச்சு அடைப்பு என்று சொல்லிவிட முடியாது. தேய்மானத்தால் போயிருந்தால் சுற்றியுள்ள எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்திருக்க வேண்டும். இதில் ப-வின் மூலைகள் கூர்மையாகவே இருந்தன. ஊசியால் சுரண்டியிருந்தால் அந்த இடத்தில் கீறலும், சுற்றுப்புறத்தோடு சேராத பளபளப்பும் தெரியும். இங்கே தளம் ஒரே சீராக ஓடியது, அடிக்கும்போது உலோகம் பரவிய நுண்ணிய இழைகூட எந்தத் தடங்கலும் இல்லாமல் புள்ளி இருக்க வேண்டிய இடத்தைக் கடந்துபோனது. அதைப் பார்க்கக் காசைப் பல கோணத்தில் திருப்ப வேண்டியிருந்தது. நட்சத்திரங்களில் ஒன்றும் பாதி மங்கியிருந்தது. அந்த அச்சில் அடைப்பு ஓர் இடத்தோடு நிற்கவில்லை என்பதற்கு அது துணைச் சாட்சி.

இரட்டை எழுத்துள்ள காசுகள் வாளியில் கணிசம். ஆசை காட்டி ஏமாற்றும் வகை இது. அச்சையே தயாரிக்கும்போது வடிவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்தால் அந்த அச்சில் பிறக்கும் ஒவ்வொரு காசிலும் எழுத்து தடித்து, மூலைகள் பிளந்து, இரண்டு உருவமும் உருண்டையாக எழும்பி நிற்கும். 1955இன் அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பேர்போன உதாரணம். தளர்ந்த அச்சு அடிக்கும்போது அசைந்தால் வேறு மாதிரி ஆகும். எழுத்தின் ஓரம் படிக்கட்டுபோல் தட்டையாக நசுங்கும், எழுத்து தடிப்பதற்குப் பதில் மெலியும். வாளியில் எனக்குக் கிடைத்த அத்தனையும் இந்த இரண்டாம் வகை. மதிப்பு முகமதிப்பே. இணையத்தில் இவற்றுக்குப் பெரிய விலை போட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் எழுத்தின் அகலத்தைச் சாதாரணக் காசோடு ஒப்பிட்டால் பணம் மிஞ்சும்.

மெர்லயன் பொறித்த மூன்றாம் வரிசை ஒரு வெள்ளியில் இரண்டு சந்தேகக் கேஸ்கள். முதலாவது, ஓரம் தடித்து உள்ளே சுருண்டு, விளிம்பையொட்டிய எழுத்துகளைப் பாதி விழுங்கியிருந்தது. எடை 7.6 கிராம், சரியாகவே இருக்கிறது. விட்டம் மட்டும் 24.65 மி.மீட்டருக்குப் பதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. எடை குறையாமல் விட்டம் சுருங்கினால் ஓரத்தை யாரோ, எதுவோ தொடர்ந்து தட்டியிருக்கிறது என்று பொருள். துணி உலர்த்தும் எந்திரத்தின் உருளைக்குள் இடுக்கில் சிக்கிய காசு இப்படித்தான் ஆகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்குக் கீழே வந்திருக்கும் சுயசேவை சலவைக் கடைகளை நினைத்தால் இனி இந்த வகை நிறைய வரும் என்று தோன்றுகிறது. சேதப் பெட்டிக்குப் போட்டேன்.

இரண்டாவது இன்னும் சுவையானது. நடுவட்டு ஒரு பக்கமாக லேசாகத் திரும்பி நிற்கிறது, வளையத்தின் எழுத்துக்கும் நடுவிலுள்ள சின்னத்துக்கும் நேர் தப்பியிருக்கிறது. இருவண்ணக் காசில் வளையமும் நடுவட்டும் தனித்தனியாக வந்து, அதே அடியில்தான் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. இரண்டிலும் உள்ள படத்தை ஒரே அச்சு, ஒரே நொடியில் பதிக்கிறது. அப்படியிருக்க நாணயச்சாலையில் இந்த நேர் தப்ப வழியே இல்லை. நடுவட்டைத் தட்டிக் கழற்றி மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். கைக்கு லேசாக ஆடவும் செய்தது. உண்மையான பிழையில் நடுவட்டு இடம் தப்பி உட்கார்ந்தாலும் படம் வளையத்திலும் வட்டிலும் தொடர்ச்சியாகவே ஓடும். நடுவட்டே இல்லாத வளையம் விற்பனைக்கு வந்தால் ஓட்டையின் உட்சுவரைப் பாருங்கள். வட்டு இல்லாமலே அடிபட்டிருந்தால் உலோகம் உள்நோக்கிப் பிதுங்கி ஓட்டை உருக்குலைந்திருக்கும். சுவர் செங்குத்தாக, பூட்டின் தடத்தோடு சுத்தமாக இருந்தால் யாரோ பிடுங்கியது.

கண்ணாடி பிம்பம்போல் எழுத்து தலைகீழாகப் பள்ளத்தில் பதிந்த 50 காசு ஒன்றும் இருந்தது. அச்சில் ஒட்டிக்கொண்ட முந்தைய காசு அடுத்ததில் பதிந்தால் இப்படி ஒரு பக்கம் வரும், அது விலைமதிப்புள்ள பிழை. இதிலோ பழைய பூவின் வடிவம் நசுங்கியபடி அடியில் இன்னும் தெரிகிறது, பள்ள எழுத்து அதற்கு மேலே ஏறியிருக்கிறது. இரண்டு காசை வைஸ் என்ற பட்டறைப் பிடிகருவியில் வைத்து இறுக்கினால் கிடைப்பது இதுவே. இருபுறமும் ஒரே சின்னம் உள்ள மாயவித்தைக் காசுகளுக்கும் ஒரு சொல். இரண்டு காசைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகியவை அவை, விளிம்பின் உட்பக்கம் லூப்பில் ஒரு வட்ட இணைப்புக்கோடு தெரியும். பொருந்தாத இரண்டு அச்சு சேர்வது உலகில் நடந்திருக்கிறது. 2008இல் பிரிட்டனின் 20 பென்ஸில் ஆண்டு எண்ணை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றியபோது, பழைய அச்சும் புதிய அச்சும் சேர்ந்து ஆண்டே இல்லாத காசு வெளியானது. அங்கே எப்படி நடந்தது என்ற கதை தெளிவாக இருக்கிறது. மேசைமேல் வரும் மாயவித்தைக் காசுக்கு அந்தக் கதை கிடையாது.

அடர்த்தி பார்த்து உலோகத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செம்பு-நிக்கல் கிட்டத்தட்ட 8.9, எஃகு 7.85, வித்தியாசம் போதுமானதே. ஆனால் 10 காசின் கன அளவு 0.3 கன செ.மீ.கூட இல்லை. நீருக்குள் நிறுக்கும்போது 0.01 கிராம் தவறினாலே விடை மூன்று விழுக்காட்டுக்கு மேல் தள்ளிப்போகும். 50 காசுக்கும் ஒரு வெள்ளிக்கும் இந்தத் தராசு போதும், சின்னக் காசுக்கு 0.001 கிராம் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். காசில் ஒட்டும் காற்றுக்குமிழியைத் தட்டிவிடவும் வேண்டும்.

எதையும் கழுவவில்லை. கழுவித் தேய்த்தால் மேலே சொன்ன உலோக இழைகள்தான் முதலில் அழியும், சாட்சியை நாமே கலைத்தது போலாகும். பிவிசி உறைகளையும் தவிர்த்தேன், நம் ஊர் ஈரப்பதத்தில் அவை பச்சையாகக் கசிந்து காசைத் தின்னும். மைலார் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு உறையிலும் எடை, விட்டம், காந்தம் ஒட்டியதா, எந்தக் கட்டத்துப் பிழை என்று எழுதிய சீட்டு. கிளிப் 20 காசை மட்டும் நாணயங்களைச் சோதித்துச் சான்று தரும் என்ஜிசி அல்லது பிசிஜிஎஸ் நிறுவனத்தின் முத்திரைக்கு அனுப்பும் எண்ணம் இருக்கிறது. விற்கும்போது வாங்குகிறவருக்கு என் கணக்கைவிட மூன்றாம் ஆளின் சான்று எளிது. 10 காசை அனுப்பப்போவதில்லை, கட்டணமே அதன் விலையைத் தாண்டிவிடும்.

10 காசில் வேலை இன்னும் முடியவில்லை. அச்சுப் பள்ளம் ஒரே அடியில் அடைபடுவது அபூர்வம், படிப்படியாக நிரம்பும். அப்படியானால் அதே அச்சில் சற்று முன்னால் அடித்த காசுகளில் நடுப்புள்ளி பாதி உயரத்தில் நிற்க வேண்டும். என் காசில் அடையாளத்துக்கு ஒரு மெல்லிய அச்சு விரிசலும் உண்டு. ர்-இன் காலடியிலிருந்து விளிம்புக்குப் போகும் மயிரிழை மேடு அது. உங்களிடம் 1989இன் 10 காசு இருந்தால் விளக்கைச் சாய்த்து அந்த இரண்டு இடத்தையும் பாருங்கள். விரிசல் இருந்து புள்ளி மங்கலாக இருந்தால், கழுவாமல் எடுத்துவையுங்கள். முகமதிப்புக்கு மேலே கொடுத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.